வாடகையில் ஒரு பங்கு: ரீட் முதலீடும் குடும்பச் சொத்தும்

இந்தியக் குடும்பங்களின் ஆஸ்தி எந்தெந்த உருவத்தில் இருக்கிறது என்று ஆராய்வதற்காக ரிசர்வ் வங்கி நியமித்த குழு, பொருளாதாரப் பேராசிரியர் தருண் ராமதொரையின் தலைமையில் 2017-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தபோது, அதில் கண்ட கணக்கு நம்மவர்களுக்கு ஆச்சரியம் தருவதாக இல்லாவிட்டாலும் சிந்தனைக்கு உரியதாக இருந்தது. சராசரிக் குடும்பத்தின் சொத்தில் 77 சதவீதம் வீடு, நிலம், மனை என்ற வடிவிலும், 7 சதவீதம் வாகனம், கால்நடை, தொழிற்கருவிகள் என்ற வடிவிலும், 11 சதவீதம் தங்கமாகவும் இருக்க, வங்கி டெபாசிட், இன்ஷூரன்ஸ், பங்குப் பத்திரம் முதலான யாவும் சேர்ந்து எஞ்சிய 5 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. மண்ணில் போட்ட பணம் வீண்போகாது என்பது நம் பாட்டன்மார் காலத்து நம்பிக்கை. அதன் கனம் எவ்வளவு என்று குழு நிறுத்துக் காட்டியது, அவ்வளவே.

அண்மைக் காலமாகப் பத்திரிகைகளிலும் முதலீட்டு ஆலோசகர்கள் வாயிலும் அடிக்கடி கேட்கும் ஓர் உபதேசத்தை இந்தக் கணக்கின் எதிரே வைத்துத்தான் பரிசீலிக்க வேண்டும். பணத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் பல வகைச் சொத்துகளில் பரப்பி வைக்க விரும்புகிறவர்கள், பங்குகளுக்கும் கடன் பத்திரங்களுக்கும் துணையாக, ரியல் எஸ்டேட் இன்வெஸ்ட்மெண்ட் டிரஸ்ட் என்று நீட்டியும் ரீட் என்று சுருக்கியும் வழங்கப்படும் நிறுவனங்களின் யூனிட்டுகளிலும் ஒரு பகுதியைப் போட வேண்டும் என்பதே அந்த உபதேசம். அதற்குப் பெரியோர் சிலரின் ஆதரவும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் நிதியை நெடுங்காலம் நிர்வகித்துப் பெயர் பெற்ற டேவிட் ஸ்வென்சன், சாமானிய முதலீட்டாளர்களுக்காக 2005-இல் எழுதிய நூலில், மொத்த முதலீட்டில் 20 சதவீதத்தை ரியல் எஸ்டேட்டுக்கு ஒதுக்கலாம் என்று அபிப்பிராயம் தெரிவித்தார். ஆனால் அவர் யாருக்காக எழுதினாரோ அந்த வாசகர், தாம் குடியிருக்கும் வீட்டைத் தவிர மற்றச் செல்வத்தைப் பெரும்பாலும் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் வைத்திருக்கும் அமெரிக்கர். நம்மிடம் வரிசை தலைகீழாக இருக்கிறது. முக்கால் பங்குக்கு மேல் மண்ணாகவும் செங்கல்லாகவும் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், இன்னும் கொஞ்சம் கட்டடம் வாங்குங்கள், அதுவே பரவலான முதலீடு என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? இக்கேள்வியைத் தீர்க்காமல், எந்த ரீட் எத்தனை சதவீதம் வருமானம் தருகிறது என்று பட்டியல் போடுவதில் பிரயோஜனம் அதிகம் இல்லை.

முதலில் இந்த ஏற்பாடு பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெரிய அலுவலகக் கட்டடங்களும் அங்காடி மாளிகைகளும் தரும் வாடகை, பணம் படைத்த சிலருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்த நிலையை மாற்றி, சிறு சேமிப்பு உள்ளவர்களும் அதில் பங்கு பெற வேண்டும் என்ற நோக்கத்தோடு, 1960 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டமே இதற்கு மூலம். அந்த விதிகள் தனிச் சட்டமாக வரவில்லை. சுருட்டின் மீதான தீர்வையை நீட்டிக்கும் மசோதா ஒன்றின் வாலில் கட்டிவிடப்பட்டு வந்தன என்பது, சட்டசபைகளின் சுபாவம் எங்கும் ஒன்றுதான் என்று எண்ணிப் புன்னகை செய்வதற்குரிய ஒரு செய்தி. சட்டத்தின் சாரம் எளியது: நிறுவனம் தன் வருமானத்தில் பெரும் பகுதியை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட வேண்டும்; அப்படிக் கொடுத்தால் நிறுவனத்தின் மட்டத்தில் அதற்கு வரி இல்லை; வரி கட்டும் பொறுப்பு பெறுகிறவர்களைச் சேர்ந்தது. கம்பெனி ஒரு முறை வரி கட்டி, மிச்சத்தை டிவிடெண்டாகப் பெற்ற பங்குதாரர் மறுமுறை வரி கட்டும் இரட்டைச் சுமை இதில் நீங்கியது.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே செழித்துவிடவில்லை. கட்டடம் வைத்திருப்பதற்குப் பதிலாகக் கட்டடம் கட்டுவோருக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட டிரஸ்டுகள் வங்கிகளின் ஆதரவில் பெருகி, 1973-க்குப் பின் வட்டி ஏறிக் கட்டுமானம் நின்றபோது சரிந்து விழுந்ததால், அமெரிக்காவிலேயே ரீட் என்ற பெயர் நெடுநாள் அவப்பெயராக இருந்தது. 1986-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தம் டிரஸ்டுகள் தங்கள் கட்டடங்களைத் தாங்களே நிர்வகிக்க வழி திறந்த பிறகு, 1990-களில்தான் அவை தலைநிமிர்ந்தன. ஆஸ்திரேலியா 1971-லும், ஜப்பான் 2001-லும், சிங்கப்பூர் 2002-லும், ஹாங்காங் 2005-லும், பிரிட்டன் 2007-லும் தத்தம் முதல் டிரஸ்டுகளைக் கண்டன. நமக்குச் சற்று உறுத்தும் விஷயம் ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. சென்னை தரமணியில் இருக்கும் இண்டர்நேஷனல் டெக் பார்க், பெங்களூர், ஹைதராபாத் கட்டடங்களோடு சேர்ந்து, அசெண்டாஸ் இந்தியா டிரஸ்ட் என்ற பெயரில் 2007 ஆகஸ்டில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் ஏறியது. தரமணிக் கட்டடத்தின் வாடகையில் சிங்கப்பூர்வாசி ஒருவர் சில நூறு டாலருக்குப் பங்கு வாங்க முடிந்த காலத்தில், தரமணிக்குப் பக்கத்தில் திருவான்மியூரில் குடியிருப்பவருக்கு உள்நாட்டுச் சந்தையில் அதற்கு வழியே இல்லை. அந்த வழி பிறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி தன் ரீட் விதிகளை 2014 செப்டம்பரில் வெளியிட்டது. விதி வந்தும் டிரஸ்ட் வரவில்லை. கட்டடத்தை உடைய துணைக் கம்பெனியிலிருந்து டிரஸ்டுக்குப் பணம் போகும் வழியில் டிவிடெண்ட் விநியோக வரி குறுக்கே நின்றதும், 2016 பட்ஜெட்டில் அது விலக்கப்பட்டதும், அதன் பின்னும் கட்டட அதிபர்கள் தயங்கியதும் தனி வரலாறு. ஒருவழியாக 2019 ஏப்ரலில் எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ், யூனிட் 300 ரூபாய் வீதம் 4,750 கோடி திரட்டிச் சந்தைக்கு வந்தது. மைண்ட்ஸ்பேஸ் 2020-லும், புரூக்ஃபீல்டு 2021-லும், அங்காடி மாளிகைகளைப் பிரதானமாகக் கொண்ட நெக்ஸஸ் செலக்ட் 2023-லும், நாலெட்ஜ் ரியால்டி 2025-லும் தொடர்ந்தன. தமிழ்நாட்டு வாசகருக்கு இவை அந்நியமான பெயர்களாகத் தோன்றலாம். ஆனால் வடபழனி விஜயா மாலுக்குள் நுழைகிறவர் நெக்ஸஸ் டிரஸ்டின் கட்டடத்துக்குள் நுழைகிறார். போரூரின் காமர்ஸோன் மைண்ட்ஸ்பேஸைச் சேர்ந்தது. பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையில் உள்ள ஸ்பிளெண்டிட் டெக்ஸோனை எம்பஸி 2024-இல் வாங்கிச் சேர்த்துக்கொண்டது. முதலில் 2 லட்ச ரூபாய்க்குக் குறைந்து விண்ணப்பிக்க முடியாது என்றிருந்த தடை 2019-இல் 50,000-க்கும், 2021-இல் பத்துப் பதினைந்தாயிரத்துக்கும் இறங்கியது. இப்போது சந்தையில் ஒரே ஒரு யூனிட்டைக்கூட வாங்கலாம். டீமேட் கணக்கு இருந்தால் போதும்.

இதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்பது அவசியம்; ஏனெனில் மனை வணிகத்தில் ஏமாந்த அனுபவம் நம் குடும்பங்களில் அபூர்வம் அன்று. தவணைத் திட்டங்களில் பணம் கட்டிவிட்டு மனையைக் கண்ணால் காணாதவர்களும், அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அஸ்திவாரக் குழியையே ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த அபாயத்தின் வேரை அறுக்கும் வகையில்தான் செபியின் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. டிரஸ்டின் சொத்து மதிப்பில் குறைந்தது 80 சதவீதம், கட்டி முடிந்து வாடகை ஈட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களாக இருக்க வேண்டும். காலி மனையிலும் விவசாய நிலத்திலும் பணத்தைப் போடக் கூடாது. அடமானக் கடன் கொடுக்கும் வேலையிலும் நேராக இறங்கக் கூடாது. அமெரிக்க டிரஸ்டுகள் 1973-இல் எந்தப் பள்ளத்தில் விழுந்தனவோ, அந்தப் பள்ளத்துக்கு இங்கே முன்கூட்டியே வேலி கட்டியாயிற்று. பகிர்ந்தளிக்கத்தக்க நிகர ரொக்கத்தில் 90 சதவீதத்தை ஆண்டுக்கு இருமுறையேனும் கொடுத்தாக வேண்டும். நடைமுறையில் காலாண்டுக்கு ஒரு முறை வருகிறது. கையிருப்புப் போக நின்ற கடன், சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டலாகாது. 25 சதவீதத்தைத் தாண்டினாலே தரச் சான்றும் யூனிட்தாரர்களின் சம்மதமும் வேண்டும். கட்டடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் ஸ்பான்சர், அன்றாட நிர்வாகம் செய்யும் மேனேஜர், யூனிட்தாரர்களின் சார்பில் சொத்தைப் பாதுகாக்கும் டிரஸ்டி என்று பொறுப்புகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

பிரிக்கப்பட்டிருக்கின்றன என்றேன், ஆனால் ஸ்பான்சரும் மேனேஜரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்துக் கம்பெனிகள் என்பதை மறக்கலாகாது. டிரஸ்டுக்குப் புதிய கட்டடம் வேண்டும்போது அதை விற்க முன்வருபவர் அநேகமாக அந்த ஸ்பான்சரே. விற்பவரும் வாங்குவதை நிர்ணயிப்பவரும் உறவினராக இருக்கும் வியாபாரத்தில், சுதந்திர மதிப்பீட்டாளர்களின் அறிக்கையும், ஸ்பான்சர் கலந்துகொள்ளாத வாக்கெடுப்பும் காவல் நிற்கின்றன. அக்காவல் போதுமா என்பதை ஒவ்வொரு கொள்முதலிலும் யூனிட்தாரர்கள் தாமே கவனித்துத் தீர்மானிக்க வேண்டும். வருமானத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்துவிடும் நிறுவனத்தின் கையில் சேமிப்பு மிஞ்சாது. ஆகவே அது வளர வேண்டுமானால் கடன் வாங்க வேண்டும், அல்லது புதிய யூனிட்டுகளை வெளியிட வேண்டும். யூனிட்டின் எண்ணிக்கை பெருகும் வேகத்துக்கு வாடகை பெருகாவிட்டால், டிரஸ்ட் பெரிதாகிக்கொண்டே போகும், நம் பங்குக்குரிய வரவு மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். விளம்பரங்கள் டிரஸ்டின் மொத்தப் பரப்பளவைப் பேசுகின்றன. முதலீட்டாளர் பார்க்க வேண்டியது ஒரு யூனிட்டுக்கு ஆண்டுதோறும் வந்த தொகை.

அந்தத் தொகையும் ஒரே இனமாக வருவதில்லை. துணைக் கம்பெனிகளுக்கு டிரஸ்ட் கொடுத்த கடனுக்கான வட்டி ஒரு பகுதி. அவை தரும் டிவிடெண்ட் ஒரு பகுதி. கொடுத்த கடனின் அசலே திரும்பி வருவது மற்றொரு பகுதி. வட்டி, பெறுகிறவரின் வருமான விகிதப்படி முழு வரிக்கு உட்பட்டது. துணைக் கம்பெனி குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்துகொள்ளாதிருந்தால் டிவிடெண்டுக்கு வரி இல்லை, தேர்ந்திருந்தால் உண்டு. அசல் திரும்புவதற்கு வரியே இல்லாதிருந்த வசதி 2023 நிதிச் சட்டத்தோடு முடிந்தது. இப்போது அது யூனிட்டின் வாங்கு விலையைக் குறைத்துக் காட்டும், விற்கும்போது லாபத்தை அந்த அளவுக்குக் கூட்டும். ஒரே 6 சதவீத வரவு, 30 சதவீத வரி கட்டுபவருக்கு ஒரு டிரஸ்டில் ஒரு மாதிரியாகவும் மற்றொரு டிரஸ்டில் வேறு மாதிரியாகவும் கையில் நிற்பதன் காரணம் இதுவே. 2024 ஜூலைக்குப் பின் யூனிட்டை 12 மாதம் வைத்திருந்தாலே நீண்டகால லாபமாகிறது. முன்பு 36 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டு லாபம் 1.25 லட்சத்துக்கு மேற்படும் அளவுக்கு 12.5 சதவீத வரி.

இனி மூல விசாரணைக்கு வருவோம். பரவலான முதலீட்டின் பயன் என்ன என்பதை 1952-இல் ஹாரி மார்கோவிட்ஸ் கணித முறையில் நிறுவினார்; அதற்காக அவர் நோபல் பரிசு பெற்றது 1990-இல். ஒரு சொத்து தனியாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டிலும், கையிலுள்ள பிற சொத்துகளோடு சேர்ந்து இறங்குகிறதா, அவை இறங்கும்போது தான் நிமிர்ந்து நிற்கிறதா என்பதே முக்கியம் என்பது அவர் தத்துவத்தின் கரு. அந்த உரைகல்லில் ரீட்டை உரைத்துப் பார்க்க அமெரிக்க அனுபவம் ஒன்றே போதிய நீளம் உடையது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகளின் மாயை கலைந்த 2000, 2001, 2002 ஆகிய மூன்றாண்டுகளில் எஸ் அண்ட் பி 500 குறியீடு முறையே 9, 12, 22 சதவீதம் அளவில் வரிசையாக இழந்தபோது, ரீட்டுகள் முறையே 26, 14, 4 சதவீதம் அளவில் ஆதாயம் தந்தன. இதைவிட அழகான சாட்சி பரவல் கொள்கைக்கு வேறு கிடைப்பது அரிது; ஸ்வென்சனின் நூலும் இந்த அனுபவம் பசுமையாக இருந்தபோது எழுதப்பட்டதே. ஆனால் 2008 வந்தது. எஸ் அண்ட் பி 37 சதவீதம் விழுந்தது, ரீட்டுகள் 37.7 சதவீதம் விழுந்தன. எந்த வேளைக்காக ஒரு துணையை வைத்துக்கொண்டோமோ, அந்த வேளையில் அத்துணையும் கூடவே படுத்துவிட்டது.

ஏன் அப்படி நேர்ந்தது என்று பார்த்தால், இரண்டு ஆண்டுகளின் வித்தியாசமும் விளங்கும். 2000-இல் நோய் பங்கு விலையில் இருந்தது, கடன் சந்தை திறந்திருந்தது, வாடகை தொடர்ந்தது. 2008-இல் நோய் கடனிலேயே இருந்தது. கட்டடங்கள் இடியவில்லை, குடியிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவிடவும் இல்லை. ஆயினும் தவணை முடிந்த கடனைப் புதுப்பிக்க யாரும் பணம் தராதபடியால், அமெரிக்காவின் இரண்டாவது பெரிய அங்காடி மாளிகை உரிமையாளரான ஜெனரல் குரோத் புராப்பர்ட்டீஸ் 2009 ஏப்ரலில் திவால் பாதுகாப்புக் கோர வேண்டியதாயிற்று. 2022-இல் மற்றொரு பரீட்சை. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியை விரைந்து உயர்த்தியபோது, பங்குகள் 18 சதவீதம் இழக்க, ரீட்டுகள் 25 சதவீதம் இழந்தன. வியாபாரம் நொடிக்கும் பீதி பரவினால் பங்கைப் போலவும், வட்டி ஏறினால் நீண்டகாலக் கடன் பத்திரத்தைப் போலவும், இரண்டும் இல்லாத சாதாரண ஆண்டுகளில் வாடகை வரவுக்கு ஏற்பக் கட்டடத்தைப் போலவும் நடந்துகொள்வதே இதன் இயல்பு என்று இந்த வரலாற்றிலிருந்து தெளியலாம். ஆகவே இது பரவலுக்கு உதவும். ஆனால் புயலுக்கு ஒதுங்கும் மண்டபமாக நம்பிவிடக் கூடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சொந்த வீடும் மனையும் இப்படி ஆட்டம் போடுவதில்லையே, ரீட் மட்டும் ஏன் ஆடுகிறது என்று கேட்கலாம். ஆடுவது இரண்டும்தான், ஒன்றின் விலையை நாள்தோறும் யாரோ உரக்கக் கூவுகிறார்கள், மற்றொன்றின் விலையை எவரும் கேட்பதில்லை. நெருக்கடியில் மனையை விற்கப் போனவர்களுக்குத் தெரியும், ஊர் சொல்லும் விலைக்கும் கையில் ரொக்கம் வைத்து ஒருவர் கேட்கும் விலைக்கும் உள்ள தூரம். மதிப்பீட்டாளர்கள் காலாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை குறிக்கும் விலையை வைத்துக் கணக்கிடும்போது கட்டடச் சொத்து சாந்தமாகத் தோன்றும் இம்மாயையைப் பொருளாதார அறிஞர்கள் நெடுநாளாகவே சுட்டிக்காட்டி வருகிறார்கள். அமெரிக்காவில் சந்தையில் ஏறாத பிளாக்ஸ்டோன் டிரஸ்ட் ஒன்று, 2022 இறுதியில் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் பெருகியபோது, விதிப்படி காலாண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் தர இயலாது என்று கையை மடக்கிக்கொண்டது. ஏற்ற இறக்கம் குறைவு என்ற பெருமைக்கு அதுவே அங்கு விலை.

நம் நாட்டு ரீட்டுகளுக்கென்று தனியான சில குணங்கள் உண்டு. அவற்றில் நான்கு அலுவலகக் கட்டடங்களையே பிரதானமாகக் கொண்டவை. அக்கட்டடங்களின் வாடகைதாரர்கள் தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகளும், அயல்நாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் சேவை மையங்களும். வாடகை ஒப்பந்தங்களில் மூன்றாண்டுக்கு ஒரு முறை 15 சதவீத உயர்வு என்பது பரவலான வழக்கம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 4.8 சதவீதம். ஒப்பந்தம் ஒன்பது, பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு இருந்தாலும், முதல் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் கழித்து வாடகைதாரர் வெளியேறலாம். உரிமையாளர் வெளியேற்ற முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் கட்டடங்கள் வெறிச்சோடிக் கிடந்தும் வாடகை பெரும்பாலும் தவறாமல் வந்தது இவ்வொப்பந்தங்களின் வலிமையைக் காட்டியது. ஆனால் அதன் பிறகு காலியான தளங்கள் நிரம்பத் தாமதித்தன. அதற்குக் காரணம் வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் மட்டும் அன்று. சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட கட்டடங்களில், 2020-க்குப் பின் தொடங்கும் தொழில்களுக்கு வருமான வரிச் சலுகை நின்றுபோகவே, அங்கு வருவதற்குக் கம்பெனிகளுக்குக் காரணம் இல்லாமற் போயிற்று. கட்டடம் முழுவதையும் மண்டலத்திலிருந்து விடுவிக்காமல் ஒரு தளத்தை மட்டும் விடுவிக்கவோ வழி இல்லை. 2023 டிசம்பரில் தளவாரியாக விடுவிக்கலாம் என்று விதி திருத்தப்பட்ட பிறகே முடிச்சு அவிழ்ந்தது. டில்லியில் திருத்தப்படும் ஒரு விதி, தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தின் வரவைத் தீர்மானிக்கிறது.

ஆனால் இந்திய ரீட் பற்றி எழுதுவோர் அதிகம் தொடாத ஓர் அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அவருடைய சம்பளம் அயல்நாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. சோழிங்கநல்லூரில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் விலை, அந்தச் சாலையில் வேலைகள் நிலைப்பதைப் பொறுத்திருக்கிறது. பரஸ்பர நிதி வழியாக அவர் போட்ட பணத்தில் இன்போசிஸும் டி.சி.எஸ்ஸும் கணிசமாக இருக்கும். இவற்றின் மேல், பரவலாக இருக்கட்டும் என்று அவர் அலுவலக ரீட் யூனிட்டுகளையும் வாங்கினால், அவர் வாங்கியது தம் முதலாளியின் கட்டடத்தில் ஒரு பங்கே. அந்தத் தொழிலுக்கு ஒரு கெட்ட காலம் வந்தால் சம்பளம், வீடு, பங்கு, யூனிட் ஆகிய நான்கும் ஒரே திசையில் சாயும். காகிதத்தில் நான்கு வகைச் சொத்து; காரியத்தில் ஒன்று. இதே யூனிட்டுகள், தஞ்சைப் பக்கத்தில் நெல் வயலும் வீடும் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ, சிவகாசியில் அச்சகம் நடத்துபவருக்கோ, தம் வாழ்வோடு தொடர்பில்லாத ஒரு வருவாயில் பங்கு தருகின்றன. ஆகவே ரீட் பரவலுக்கு உதவுமா என்ற கேள்விக்குப் பொது விடை இல்லை. கேட்பவர் என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்த பிறகே சொல்ல முடியும்.

இரண்டாவது வீடு வாங்குவதோடு ஒப்பிட்டால் இதன் தராதரம் இன்னும் துலங்கும். சென்னையில் 80 லட்சத்துக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால், மாதம் 20,000 ரூபாய் வருவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 2.4 லட்சம், மூலதனத்தில் 3 சதவீதம். வாங்கும்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்டியது 7.2 லட்சம், அதாவது மூன்றாண்டு வாடகை. மூலப்பத்திரம் தேடுவது, வில்லங்கச் சான்று எடுப்பது, பட்டா மாற்றம், சொத்து வரி, குழாய் ஒழுகல், குடியிருப்பவர் காலி செய்ய மறுத்தால் வழக்கு என்ற தொல்லைகள் தனி. ரீட்டில் இவை எதுவும் இல்லை. வரவும் வீட்டு வாடகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பாதிப் பணம் வேண்டுமானால் பாதி யூனிட்டை விற்கலாம், வீட்டில் பாதி அறையை விற்க முடியாது. மறுபக்கமும் உண்டு. வீடு வாங்க வங்கி கடன் தரும், யூனிட் வாங்க அவ்வளவு எளிதில் தராது. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தால் சம்பந்திகள் வீட்டைத்தான் சீதனமாக மதிப்பார்கள். விலை தினமும் கண்ணில் படாத காரணத்தாலேயே, பதறி விற்காமல் இருபதாண்டு வைத்திருக்கும் பொறுமையை வீடு நமக்குக் கற்பித்துவிடுகிறது. அந்த வலுக்கட்டாயப் பொறுமையால் செல்வந்தர் ஆனவர்கள் பலர்.

என் அபிப்பிராயம் இதுதான். ரீட்டுக்குரிய பணத்தை எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கிறோம் என்பதே முக்கியம். இரண்டாவது வீட்டுக்கும், என்றோ ஊர் வளரும் என்று தொலைவில் வாங்கிப் போடும் மனைக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து ஒரு பகுதி இதற்கு மாறுமானால், மொத்தச் சொத்தில் கட்டடத்தின் பங்கு கூடாமலே, ஓரிடத்தில் குவிந்திருந்தது பல நகரங்களில் பரவும்; உறைந்து கிடந்தது வேண்டும்போது ரொக்கமாகும். டெபாசிட்டிலிருந்து எடுத்து இதில் போடுவது வேறு காரியம்; அதை நான் ஆதரிக்க மாட்டேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு அரசாங்கத்தின் உறுதியோடு 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம் என்று வட்டி நிர்ணயிக்கப்பட்ட நிலையில், அதன் வரம்பான 30 லட்சத்தை நிரப்பாமல், மூலதனம் ஆடக்கூடிய 6 சதவீத வரவை நோக்கி ஓய்வூதியர் ஒருவர் போவதற்கு நியாயம் இல்லை. வாடகை உயர உயர வரவும் உயரும் என்ற நம்பிக்கை, எழுபது வயதில் ஒருவர் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அன்று. நடுவயதினர், தம் நிதிச் சொத்தில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை இதில் வைக்கலாம். ஸ்வென்சன் சொன்ன 20 சதவீதத்தை இங்கே எடுத்தாள்வது பொருந்தாது. அங்கே கிடங்கு, மருத்துவமனை, வாடகைக் குடியிருப்பு, தொலைத்தொடர்புக் கோபுரம், தகவல் மையம் என்று டிரஸ்டுகள் பலவகைப்பட்டு, 2016-இல் ரியல் எஸ்டேட் பங்குச் சந்தையின் தனித் துறையாகவே பிரிக்கப்பட்டது. இங்கே விரல்விட்டு எண்ணத்தக்க டிரஸ்டுகள், அவற்றுள் பெரும்பாலானவை அதே சில நகரங்களின் அலுவலகங்கள்.

சிறு மற்றும் நடுத்தர ரீட் என்று 2024 மார்ச்சில் செபி அனுமதித்த புதிய வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 கோடி முதல் 500 கோடி வரையான சொத்தை, சில வேளைகளில் ஒரே ஒரு கட்டடத்தை, திட்டமாக அமைத்து, குறைந்தது 10 லட்ச ரூபாய் போடுபவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு இது. ஒழுங்குமுறை இல்லாமல் நடந்துகொண்டிருந்த கூட்டு உரிமை வியாபாரத்தைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது நல்ல காரியமே. ஆனால் ஒரு கட்டடத்தின் இரண்டு மூன்று வாடகைதாரர்களை நம்பி 10 லட்சம் போடுவதைப் பரவலான முதலீடு என்று எவ்விதத்திலும் அழைக்க முடியாது.

பரஸ்பர நிதிகளின் கணக்கில் ரீட்டுகளை 2026 ஜனவரி முதல் பங்குகளோடு சேர்த்து வகைப்படுத்துமாறு செபி உத்தரவிட்டிருப்பது, மேலே கண்ட அமெரிக்க அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. அதனால் நிதிகளின் பணமும் கூடுதலாக இங்கே வரக்கூடும், விலையும் சந்தையோடு இன்னும் இறுகப் பிணையக்கூடும். இந்திய ரீட்டுக்கு வயது இன்னும் குறைவுதான். முதல் டிரஸ்ட் சந்தைக்கு வந்த காலத்தில் கையெழுத்தான ஒன்பது, பத்தாண்டு ஒப்பந்தங்கள் 2028, 2029-இல் முடிவுக்கு வரும்போது, அவ்விடங்களைப் பழைய வாடகைதாரர்களே புதுப்பிக்கிறார்களா, புதுப்பித்தால் மூன்றாண்டுக்கு 15 சதவீதம் என்று ஏறி நின்ற வாடகையில் புதுப்பிக்கிறார்களா, அன்றைய சந்தை வாடகைக்கு இறக்கித் தரச் சொல்கிறார்களா என்பதை அந்த ஆண்டுகளின் காலாண்டு அறிக்கைகளில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.